நுவரெலியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: சீசனும் திருவிழாவும்

ஆசிரியர் வேலைக்கோ வங்கி வேலைக்கோ மாற்றலாகி நுவரெலியாவுக்கு வருகிறவர்கள், கல்யாணம் முடித்து வருகிறவர்கள், எப்படியோ ஒரு வருடமாவது இங்கே தங்கப்போகிறவர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு நாள் விடுமுறையில் வந்து கிரகரி வாவியில் படகு ஏறிவிட்டுப் போகிறவர்களுக்கும் சில பகுதிகள் உதவும்.

இந்த ஊரில் வருடத்துக்கு இரண்டு கணக்கு உண்டு. ஒன்று டவுனுடையது. ஏப்ரல் வந்தால் சீசன், குதிரைப் பந்தயம், கார் பந்தயம், பூக்கண்காட்சி. மற்றது சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களுடையது. மாசியில் காமன் கூத்து, தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் திருவிழா, மார்கழியில் பஜனை. டவுன் கணக்கை யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்வீர்கள், சுவரொட்டியே சொல்லிவிடும். தோட்டத்துக் கணக்கை நீங்களாகத் தேடிப் போக வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தமிழர்கள், அவர்களில் மிகப் பெரும்பாலானோர் மலையகத் தமிழர். அப்படியிருந்தும் பல வருடம் இங்கே வேலை பார்த்துவிட்டு ஒரு தோட்டக் கோயில் திருவிழாவுக்குக்கூடப் போகாமல் ஊர் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்பதுதான் என் அக்கறை.

முதல் படி: பிறைக் கணக்கைப் பிடியுங்கள்

வந்த வாரமே ஒரு பஞ்சாங்க நாட்காட்டி வாங்கிச் சமையலறைச் சுவரில் மாட்டுங்கள். தைப்பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் மட்டும்தான் ஏறக்குறைய ஒரே தேதியில் வரும். மற்றவை எல்லாம் அமாவாசை, பௌர்ணமியைப் பார்த்து நகரும். போன வருடம் இந்தத் தேதியில் நடந்தது என்று நம்பி லீவு போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. அன்று மதுக்கடைகள் திறக்காது, இறைச்சிக் கடைகளும் பூட்டியிருக்கும். வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்றால் முதல் நாளே சாமான் வாங்கி வையுங்கள். தோட்டத்துக் கூத்துகளிலும் பௌர்ணமி முக்கியமான நாள். ஆகவே போயாவைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு வைப்பது இரண்டு வகையில் உதவும்.

தோட்டக் கோயில் திருவிழாத் தேதி எந்த நாட்காட்டியிலும் இருக்காது. கோயில் கமிட்டி கூடி, குருக்களிடம் கேட்டு, தோட்டத்தின் வேலை நிலைமையையும் பார்த்துத்தான் நாள் குறிக்கும். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, கேட்பதுதான். உங்கள் வகுப்பில் படிக்கும் பிள்ளைகள், அலுவலகத்தில் தேநீர் கொண்டுவரும் அண்ணன், தினமும் ஏறும் ஆட்டோவின் சாரதி, மரக்கறிக் கடை அக்கா, இவர்களில் பலருடைய வீடு ஏதோ ஒரு தோட்டத்தில் இருக்கும். "உங்க தோட்டத்துல திருவிழா எப்போ?" என்று கேளுங்கள். கேட்டதுமே முகம் மலரும். பல நேரம் பதிலோடு அழைப்பும் சேர்ந்தே வரும்.

இரண்டாம் படி: உடுப்பும் பாதையும்

டவுன் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே திருவிழா என்றால் பெரும்பாலும் இரவு, இரவு என்றால் குளிர். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அதிகாலையில் புல்வெளியில் உறைபனி விழும் நாட்களும் உண்டு. கூத்துக்குப் போகும்போது ஸ்வெட்டர், காதை மூடும் தொப்பி, ஒரு போர்வை, டார்ச் லைட், இவை இல்லாமல் புறப்படாதீர்கள். ஏப்ரலில் காலை வெயில் பளிச்சென்று இருக்கும், பிற்பகலில் இடியோடு மழை பிடித்துக்கொள்ளும். அந்த மாதத்து நிகழ்ச்சி எதுவானாலும் காலையிலேயே போய்விடுவது நல்லது. மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவமழை. குடை போதாது, மழைக்கோட்டு வேண்டும்.

வெளியூரிலிருந்து உறவினர் வருகிறார்கள் என்றால், ரயில் நிலையம் டவுனில் இல்லை, சில கிலோமீட்டர் தள்ளி நானுஓயாவில் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடும் மழைக் காலத்தில் மண்சரிவால் ரயில் பாதையும் வீதியும் மூடப்படுவது உண்டு. புறப்படும் அன்று காலை விசாரித்துவிட்டு வருவதே பாதுகாப்பு. சொந்த வாகனத்தில் வருகிறவர்களிடம் மலையிறக்கத்தில் கீழ்க் கியரிலேயே வரச் சொல்லுங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இந்தப் பாதைகளில் இறங்கியவர்களுக்கு நடந்த விபத்துகள் ஒன்றிரண்டல்ல.

மூன்றாம் படி: ஏப்ரல் சீசனைச் சமாளிப்பது

கொழும்பு வெயிலைத் தாங்க முடியாத வெள்ளைக்கார அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் மலையேறி வந்து ஓய்வெடுத்த இடம் இது. அவர்கள் போட்ட பாதையில்தான் சீசன் இன்றும் ஓடுகிறது. வாவியே அந்தக் காலத்து வேலைதான். சதுப்பாகக் கிடந்த நிலத்தில் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல், அது உருவானது. பூக்கண்காட்சி நடக்கும் விக்டோரியா பூங்காவின் பெயர் 1897இல் கொண்டாடப்பட்ட மகாராணியின் வைர விழாவை ஒட்டி வந்தது. மஹகஸ்தொட்ட மலையேற்றக் கார் பந்தயம் 1934இல் தொடங்கியது.

மாதத் தொடக்கத்தில் பாடசாலை பாண்டு வாத்திய அணிவகுப்போடு வசந்த கால விழா திறக்கும். என்னைக் கேட்டால், சீசனிலேயே தவறவிடக் கூடாதது இதுதான். வீதியோரம் நின்று இலவசமாகப் பார்க்கலாம். குளிரில் நடுங்கிக்கொண்டே தாளம் தவறாமல் நடந்துவரும் பிள்ளைகளில் பாதிப் பேரை அந்த வருடம் முழுக்க உங்கள் பாடசாலையிலோ வங்கிக் கவுண்டரிலோ மறுபடி சந்திப்பீர்கள். அதன் பிறகு மாதம் முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக வரும். குதிரைப் பந்தயத் திடலில் பந்தயம், மஹகஸ்தொட்டயில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும், வாவியில் நீர் விளையாட்டு, இரவில் இசை நிகழ்ச்சி, பூங்காவில் பூக்கண்காட்சி. சரியான தேதிகளை மாநகர சபை ஒவ்வொரு வருடமும் அறிவிக்கும், அதை மட்டும் நம்புங்கள்.

குடியிருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை வேறு. 12ஆம் தேதிக்கு முன்பே அரிசி, பருப்பு, எரிவாயு, மருந்து எல்லாம் வாங்கி வைத்துவிடுங்கள். புத்தாண்டை ஒட்டி ஊர்க்கடைகள் பல சில நாட்களுக்குத் திறக்காது. வாவிப் பக்கத்து உணவுக் கடைகள் திறந்திருக்கும், விலை மட்டும் சீசன் விலை. விடுதி அறைகளுக்குப் பல மடங்கு கேட்பார்கள். அதனால் உங்கள் வீட்டில் தங்க உறவினர்கள் வரிசையாக வருவார்கள். மகிழ்ச்சியோடு வரவேற்றுவிடுங்கள், ஆனால் மெத்தையும் கம்பளியும் போதுமா என்று மார்ச்சிலேயே எண்ணிப் பாருங்கள். வாகன நெரிசலால் ஒருவழிப் பாதைகள் மாறும், பந்தய நாளில் சில வீதிகள் மூடப்படும். கைக்குழந்தையோ முதியவரோ வீட்டில் இருந்தால், வைத்தியசாலைக்கு எந்த வழியாகப் போகலாம் என்று முன்கூட்டியே யோசித்து வைப்பது அவசியம்.

சித்திரைப் புத்தாண்டு அன்று மட்டும் வாவிப் பக்கம் போகாமல் வீட்டிலோ அயலிலோ இருங்கள். காலையில் மருத்துநீர் வைத்துக் குளித்து, கோயிலுக்குப் போய்வந்து, பெரியவர்களிடம் கைவிசேஷம் வாங்கும் நாள் அது. சிங்கள அயலவர்களுக்கும் அன்றுதான் புத்தாண்டு. பலகாரத் தட்டு இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போகும், அங்கிருந்து கொக்கிஸும் கெவுமும் வரும். தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

நான்காம் படி: காமன் கூத்து

வருடத்தில் ஒன்றே ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் இதற்குப் போங்கள்.

சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் அம்பு விடுகிறான், சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து எரிக்கிறார், ரதி அழுது மன்றாடுகிறாள், மன்மதன் உயிர் பெறுகிறான். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தோட்டத்தில் அது ஒரு இரவில் முடிகிற நாடகமாக நடப்பதில்லை. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரியும் காலத்தில் காமன் பொட்டலில், அதாவது கூத்து நடக்கும் திடலில், கம்பம் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து பௌர்ணமி வரை ஏறக்குறைய இரண்டு வாரம் ஊரே கூத்துக்குள் இருக்கும். ரதியும் மதனும் வேடம் கட்டி லயங்களுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, முன்னால் ஆடி வருவார்கள். ரதி வேடம் கட்டுகிறவரும் ஆண்தான். பகலில் மலையில் வேலை செய்துவிட்டு வந்து இரவில் ஆடுகிறவர்கள் இவர்கள். காப்புக் கட்டி விரதம் இருப்பதால் அந்த நாட்களில் அவர்களைச் சுற்றியிருப்பவர்களும் அவர்களிடம் ஒரு மரியாதையோடுதான் பேசுவார்கள்.

தகன இரவுதான் உச்சம். தூதன், வீரபத்திரன், எமன், காளி என்று பாத்திரங்கள் ஒவ்வொன்றாக இறங்கும். தப்பு அடி ஏற ஏறக் கூட்டத்தில் சிலருக்கு அருள் வந்துவிடும். எரிந்த பிறகு ரதி புலம்பும் பகுதியில் வயதான பெண்கள் பலர் கண்ணீர் விட்டு அழுவதைப் பார்க்கலாம். ரதியின் ஒப்பாரியைக் கேட்கும்போது தங்கள் வீட்டில் இழந்தவர்களை நினைத்துத்தான் அவர்கள் அழுகிறார்கள். இரண்டு நாள் கழித்து மன்மதனை உயிர்ப்பிக்கும் சடங்கு நடக்கும். தகனத்தைப் பார்த்துவிட்டுப் போதும் என்று இருந்துவிடாமல் அதற்கும் போங்கள். கூட்டம் குறைவாக இருக்கும், ஆட்டக்காரர்களோடும் கூத்தைப் பழக்கும் மாஸ்டரோடும் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் பெட்டி படுக்கையோடு கொண்டுவந்த கூத்து இது. யார் யாரிடம் கற்றார்கள் என்று கேட்டால் நான்கைந்து தலைமுறைக் கதை வரும்.

போகும் முறை இதுதான். தனியாக, திடீரென்று போய் நிற்காதீர்கள். அந்தத் தோட்டத்தில் தெரிந்த ஒருவரிடம் முதலிலேயே சொல்லி, அவர் வீட்டுக்குப் போய் அவரோடு பொட்டலுக்குப் போங்கள். நீங்கள் யாரென்று மற்றவர்களுக்கும் தெரியும், இருக்க இடமும் கிடைக்கும். தோட்டத்துப் பாதைகளில் இரவு பஸ் கிடையாது. விடியும்வரை அங்கேயே இருப்பதா, ஆட்டோவை எத்தனை மணிக்கு வரச் சொல்வது என்று பகலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பொட்டலில் கயிறு கட்டிய எல்லைக்குள் செருப்போடு கால் வைக்கக் கூடாது. படம் எடுப்பதற்கு முன் மாஸ்டரிடமோ கமிட்டியிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். அருள் வந்து ஆடுகிறவர்களையும் அழுகிறவர்களையும் படம் பிடித்து இணையத்தில் போடுவதை அறவே தவிர்த்துவிடுங்கள். அவர்கள் உங்கள் முன்னால் மறைக்காமல் இருந்தது நம்பிக்கையில்தான்.

இதே போல இன்னும் இரண்டு கூத்துகள் உண்டு. பொன்னர் சங்கர் இரவு முழுக்கப் போகும். அருச்சுனன் தபசில், அருச்சுனன் வேடமிட்டவர் பாடிக்கொண்டே உயரமான தபசு மரத்தில் ஏறுவார். எல்லாத் தோட்டத்திலும் எல்லா வருடமும் இவை நடப்பதில்லை. எங்காவது நடக்கிறது என்று காதில் விழுந்தால் மற்ற வேலையைத் தள்ளி வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஐந்தாம் படி: தோட்டத்துத் திருவிழாவில் பங்காளியாவது

பெரும்பாலும் மாரியம்மன் திருவிழா. சில இடங்களில் முருகனுக்கு. கரகம் பாலித்து வருவது, காவடி, தேர், பூமிதிப்பு, கடைசியில் மஞ்சள் நீராட்டு. உடுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மஞ்சள் நீராட்டு அன்று நல்ல சேலையோ வெள்ளைச் சட்டையோ போட்டுக்கொண்டு போகாதீர்கள். மாமன், மச்சான், மதினி முறையுள்ளவர்கள் குடம் குடமாக ஊற்றுவார்கள். விருந்தாளி என்று உங்களை விட்டுவிட மாட்டார்கள், முறை ஒன்றைக் கண்டுபிடித்து ஊற்றிவிடுவார்கள். ஊற்றினால் உங்களைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று பொருள்.

பணத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் இது. திருவிழாச் செலவு தோட்டத்து மக்களின் கூலியிலிருந்து வருகிறது. வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு எடுப்பார்கள். நாள் கூலியில் வாழ்கிறவர்களுக்கு அது சின்னத் தொகை அல்ல. அவர்கள் உங்களிடம் கேட்க மாட்டார்கள். நீங்களாகவே கமிட்டியில் பொருளாளரைத் தேடிப்போய், அன்னதானத்துக்கு என்று சொல்லி உங்களால் முடிந்ததைக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அரிசி மூடையோ தேங்காயோ பூவோ வாங்கிக் கொடுத்தாலும் நல்லது. தனி ஆள் கையில், முக்கியமாக இரவில், பணம் கொடுக்க வேண்டாம். ஒலிபெருக்கியில் உங்கள் பெயரைச் சொல்வார்கள், கூச்சப்படாதீர்கள். அது இங்கே வழக்கம்.

சாப்பிடாமல் திரும்பக் கூடாது. அன்னதானத்தில் தரையில் உட்காரச் சொன்னால் உட்காருங்கள். நாற்காலி கொண்டுவந்து போட்டால் வேண்டாம் என்று சொல்லி எல்லோரோடும் உட்கார்ந்தால், அடுத்த வருடம் வரை அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். தோட்டத்துத் தலைவரை "தலைவரே" என்று கூப்பிடுங்கள். வயதில் மூத்தவர்களை ஐயா, அம்மா. "தோட்டக்காட்டான்" என்ற சொல் உங்கள் ஊரில் சாதாரணமாகப் புழங்கினாலும் இங்கே அது காயம். விளையாட்டுக்கும் வாயில் வரக் கூடாது.

உங்களால் பணம் கொடுக்க முடியவில்லை என்றால் நேரம் கொடுக்கலாம். அழைப்பிதழைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்து கொடுப்பது, பிள்ளைகளின் நடனத்துக்கு ஒத்திகை பார்ப்பது, கணக்கு எழுதுவது, எல்லாவற்றுக்கும் ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். இப்படி ஒரு தடவை உள்ளே போய்விட்டால், அடுத்த திருவிழாவுக்கு நீங்கள் தேதி விசாரிக்க வேண்டியதில்லை.

மற்ற மாதங்கள், சுருக்கமாக

தைப்பொங்கல் காலையில் லயங்களின் முற்றத்தில் வரிசையாகப் பானை ஏறும். பனியில் விறகு நனைந்துவிடும், முதல் நாள் இரவே உள்ளே எடுத்து வையுங்கள். மாடு வளர்க்கும் வீடுகளில் மறுநாள் மாட்டுப் பொங்கல் சிறப்பாக இருக்கும்.

டிசம்பர் போயாவிலிருந்து மே வெசாக் போயா வரை சிவனொளிபாதமலைப் பருவகாலம். ஹட்டன் வழியாக நல்லதண்ணிக்குப் போய் இரவில் ஏறுவார்கள். எல்லா மதத்தவரும் ஏறும் மலை. சனி, ஞாயிறும் போயாவும் தவிர்த்து வார நாளில் போனால் நெரிசலில் நிற்க வேண்டியிருக்காது.

சீத்தா எலியவில், ஹக்கலைப் பூங்காவுக்குப் போகும் வழியில், ஓடைக்கரையில் சீதையம்மன் ஆலயம் இருக்கிறது. 2024 மே 19இல் அதற்குக் குடமுழுக்கு நடந்தது. சுற்றுலாப் பயணிகள் பஸ் பஸ்ஸாக வருவதால் அமைதியாகக் கும்பிட விரும்புகிறவர்கள் அதிகாலையில் போங்கள்.

வெசாக்கில் டவுன் முழுக்க வெளிச்சக் கூடுகள் தொங்கும். தன்சல்களில் இலவசமாகச் சாப்பாடும் சூடான பானமும் கொடுப்பார்கள். யாரும் வரிசையில் நிற்கலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், வீட்டிலும் ஒரு கூடு கட்டித் தொங்கவிடுங்கள்.

தீபாவளிக்கு முந்திய வாரம் டவுனில் நடக்க இடமிருக்காது. தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் உடுப்புக் கடைகளும் நடைபாதைக் கடைகளும் நிரம்பிவிடும். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் எல்லாம் ஊர் திரும்புவதால் பஸ்ஸில் தொங்கக்கூட இடம் கிடைக்காது. உங்கள் கொள்வனவை இரண்டு வாரம் முந்தி முடித்துவிடுங்கள், நீங்கள் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் இரண்டு நாள் முந்திப் புறப்படுங்கள்.

மார்கழியில் விடியுமுன் பஜனைக் கோஷ்டி லயத்துக்கு லயம் பாடிக்கொண்டு போகும். பெரும்பாலும் இளவட்டங்களும் சின்னப் பிள்ளைகளும்தான். உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் விளக்கேற்றி வைத்து, சூடாகத் தேத்தண்ணி போட்டுக் கொடுங்கள். உங்கள் வீடு டவுனில் இருந்து, அவர்கள் அந்தப் பக்கம் வராவிட்டால், உங்களுக்கு முதலில் அழைப்புத் தந்த வீட்டாரிடம் சொல்லுங்கள். ஒரு நாள் அதிகாலையில் நீங்களும் கோஷ்டியோடு நடக்கலாம். பாட்டுத் தெரியாவிட்டால் ஜால்ராவைக் கையில் கொடுப்பார்கள்.